தெருவை மிதிக்காத ஷூ

அன்று காலை ஆலங்குடிப் பக்கத்து அங்கன்வாடியில் எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

சின்ன அறை. சுவரில் அம்மா, ஆடு, இலை படங்கள். மூலையில் சத்துமாவு மூட்டை. அந்த மூட்டையின் மேல் ஒரு செல்போனைச் சாய்த்து வைத்திருந்தோம். அதற்குள்ளிருந்து, கத்தாரில் கட்டட வேலை பார்க்கும் முருகேசன், தலைக்கவசத்தைக்கூடக் கழற்றாமல் எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். வேலைக்கு நடுவில் மேஸ்திரியைக் கெஞ்சிக் கொஞ்ச நேரம் அனுமதி வாங்கியிருந்தார், பாவம்.

அவர் மகன் முகிலன். நான்கு வயது. பிறந்த நேரத்தில் மூளைக்கு ஏற்பட்ட பாதிப்பில் இரண்டு கால்களும் விறைப்பு. பிடித்து நிறுத்தினால் நுனிவிரலில் எம்பி நிற்பான், குதிகால் தரையில் படாது. வாய் மட்டும் நன்றாகப் பேசும். அன்றைக்கும் என்னைப் பார்த்ததும், "இன்னைக்கு வலிக்கிற டீச்சரா, வலிக்காத டீச்சரா?" என்றுதான் கேட்டான்.

அவனுக்கு ஆபரேஷனா இல்லையா என்பதுதான் அன்றைய பேச்சு. தஞ்சாவூரில் அவனைப் பார்க்கும் எலும்பு டாக்டர் கெடு வைத்திருந்தார். இத்தனை மாதம் ஸ்பிளின்ட் என்கிற பிளாஸ்டிக் பட்டை போட்டும் குதிகால் இறங்கவில்லை, கோடை முடிந்து வாருங்கள், அப்போதும் இப்படியே இருந்தால் கெண்டைக்கால் சதையைக் கத்தி வைத்து நீட்டிவிட வேண்டியதுதான் என்று சொல்லியிருந்தார். அவன் அம்மா செல்விக்கு அந்த நாளிலிருந்து சோறு இறங்கவில்லை. "கத்தி" என்று யாராவது சொன்னால், வெங்காயம் நறுக்குகிற கத்தியைச் சொன்னால்கூட, அவள் முகம் மாறிவிடும்.

நான் ஆபரேஷனுக்கு எதிரி இல்லை. தேவைப்படுகிற பிள்ளைக்கு அது பெரிய உதவி. ஆபரேஷன் முடிந்து வந்த பிள்ளைகளை நானே நடக்க வைத்திருக்கிறேன். ஆனால் இவனுக்கு அதற்கு முன்னால் செய்ய வேண்டியதையெல்லாம் செய்துவிட்டோமா என்று ஒரு நமைச்சல் எனக்குள் இருந்துகொண்டே இருந்தது.

அந்தக் கூட்டத்தைத் தலைமை தாங்கி நடத்த வேண்டியவள் நான். வாழ்க்கையில் முதல் தடவை.

டாக்டரா, நர்ஸா?

இந்தத் தொடரை வாசிக்கும் ஒரு வாசகி, "நீங்கள் டாக்டரா, நர்ஸா, மசாஜ் செய்பவரா? ஒன்றும் விளங்கவில்லையே" என்று கேட்டிருந்தார். எனக்குக் கோபம் வரவில்லை. என் மாமனாரே வெகுகாலம் சொந்தக்காரர்களிடம், "மருமக கால் பிடிச்சுவிடுற வேலை பாக்குறா" என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார்.

நான் பிசியோதெரபிஸ்ட். புதுக்கோட்டையில், வளர்ச்சியில் தாமதம் உள்ள குழந்தைகளுக்கான ஒரு மையத்தில் வேலை. வீடு திருக்கோகர்ணம். உட்காராத பிள்ளையை உட்கார வைப்பது, நிற்காத பிள்ளையை நிற்க வைப்பது, இதுதான் என் பிழைப்பு. இருபது வருஷமாகப் பார்க்கிறேன், இன்னும் அலுக்கவில்லை. ஒரு பிள்ளை முதல் தடவை கையை விட்டுவிட்டு நிற்கிறதே, அந்த நேரத்தில் எனக்கு வருகிற சந்தோஷம் இருக்கிறதே, அடேயப்பா! அன்றைக்கு வீட்டில் கட்டாயம் கேசரி.

தொடக்கத்தில் நான் தனியாள். ஒரு அறை, ஒரு பாய், நான். பேச்சுப் பயிற்சி ஊரின் இன்னொரு கோடியில். சிறப்புப் பள்ளி மூன்றாவது திசையில். ஆலங்குடியிலிருந்தும் குடுமியான்மலையிலிருந்தும் தாய்மார்கள் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு பஸ் ஏறி வந்து, அங்கிட்டும் இங்கிட்டும் ஆட்டோ பிடித்து அலைவார்கள். பேச்சுப் பயிற்சி கொடுக்கும் ஜாஸ்மினை எனக்கு முகம்கூடத் தெரியாது. ஆனால் அவர் மஞ்சள் சுரிதார் போட்டால் பிள்ளைகள் சொன்னபடி கேட்கும் என்பது வரை தாய்மார்கள் வழியாக எனக்குத் தகவல் வந்துவிடும்.

ஒரே பிள்ளை. கால் எனக்கு, நாக்கு ஜாஸ்மினுக்கு, படிப்பு சிறப்பு ஆசிரியர் கருப்பையா சாருக்கு. நாங்கள் மூவரும் ஒருநாளும் சேர்ந்து உட்கார்ந்து பேசியதில்லை. யாரும் பேசாதே என்று சொல்லவும் இல்லை. தோன்றவில்லை, அவ்வளவுதான்.

தலைமைக்கு ஒரு படிப்பா?

இரண்டு மூன்று வருஷம் முன்னால் ஒரு பயிற்சி வருகிறது என்றார்கள். இந்தக் குழந்தைகளோடு வேலை செய்கிற பல தொழில்காரர்களை ஒன்றாகச் சேர்த்து, ஒரு வருஷம், தலைமை ஏற்கக் கற்றுக்கொடுப்பது. மாதம் ஒருமுறை திருச்சியில் நேரில் கூடுவது, மற்ற நாளில் வீடியோவில். எங்கள் மையத்திலிருந்து என் பெயர் போயிற்று. அவரவர் இடத்திலிருந்து ஜாஸ்மினும் கருப்பையா சாரும்கூட.

எனக்குத் தலைகால் புரியவில்லை. புதுப் புடவை ஒன்று எடுத்தேன். என் வீட்டுக்காரர், "ஒனக்கு எதுக்கு அந்தப் படிப்பு, இங்க ஏற்கனவே நீதானே தலைமை" என்று சொல்லிவிட்டு, நான் முறைப்பதற்குள் வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

தலைமை என்றால் என்னவென்று அப்போது நினைத்தேன் தெரியுமா? மைக்கைப் பிடித்துக் கணீரென்று பேசுவது. எனக்கென்ன, குரலுக்கா பஞ்சம்? பெருங்கூட்டத்தில் நின்று கத்தினால் கடைசி வரிசைக்குக் கேட்கும்.

முதல் நாளே அதில் மண் விழுந்தது. எங்களுக்குப் பயிற்சி கொடுத்தவர் நளினி மேடம், குழந்தை மருத்துவர். மெல்லிய குரல், மைக் வைத்தாலும் பாதிதான் கேட்கும். அவர் எல்லோரையும் அறிமுகம் செய்துகொள்ளச் சொன்னார். ஒரே நிபந்தனை, உங்கள் தொழிலைச் சொல்லக்கூடாது.

எங்களில் பாதிப்பேர் எழுந்து நின்று திருதிருவென்று விழித்தோம். டாக்டர்கள் பாடு இன்னும் மோசம். கருப்பையா சார் வெகுநேரம் யோசித்துவிட்டு, "எனக்கு ரவா தோசை பிடிக்கும்" என்று சொல்லி உட்கார்ந்துவிட்டார். மொத்தக் கூடமும் சிரித்தது. இன்றைக்கு வரைக்கும் எங்கள் குழுவில் அவருக்கு ரவா தோசை சார் என்றுதான் பெயர்.

வாயை மூடுகிற பாடம்

நளினி மேடம் கற்றுக்கொடுத்ததிலேயே எனக்கு எமனாக வந்தது ஒரு பாடம். குடும்பத்தோடு கூட்டம் நடத்துகிறவர், முடிவு எடுக்க வேண்டிய இடத்தில் ஒரே ஒரு கேள்வி கேட்க வேண்டும். கேட்டுவிட்டு, பதில் வரும்வரை வாயைத் திறக்கக்கூடாது. உதவிக்கு ஒரு சொல் எடுத்துக் கொடுக்கக்கூடாது. தலையைக்கூட ஆட்டக்கூடாது.

கேட்க லேசாக இருக்கிறது இல்லையா? செய்து பாருங்கள். நம் ஊரில் ஒருவர் பேசாமல் இருந்தால் அடுத்தவருக்குப் பொறுக்குமா? "என்ன, தண்ணி வேணுமா? ஃபேன் போடவா?" என்றாவது கேட்டுவிடுவோம்.

வீட்டில் என் மகனிடம் பழகிப் பார்த்தேன். ஏன் கணக்கில் மார்க் குறைந்தது என்று கேட்டுவிட்டு உதட்டைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். அவன் என்னைப் பார்த்தான், தோசையைச் சாப்பிட்டான், கையைக் கழுவினான், கிரிக்கெட் மட்டையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டான். அன்றைக்குச் சாயங்காலம் வரை எனக்கு நெஞ்சு எரிந்தது.

பயிற்சியில் ஒவ்வொருவரும் ஒரு குழந்தைக்காக, அந்தக் குழந்தையின் ஊருக்கே போய், குடும்பத்தை வைத்துக்கொண்டு ஒரு கூட்டம் நடத்த வேண்டும். நான் முகிலனைத் தேர்ந்தெடுத்தேன். நாள் நெருங்கிக்கொண்டிருந்தது, கத்தியா இல்லையா என்று ஒரு வீடு தவித்துக்கொண்டிருந்தது. வேறு யாரைத் தேர்ந்தெடுப்பது?

வாசலில் பார்த்தது

இப்போது அங்கன்வாடிக்குத் திரும்புவோம்.

கூட்டத்தில் நான், ஜாஸ்மின், கருப்பையா சார், அங்கன்வாடி டீச்சர் வளர்மதி, செல்வி, போனில் முருகேசன். பின்சுவரில் சாய்ந்தபடி நளினி மேடம், என்னைப் பரீட்சை பார்க்க. இன்னொருவர் முகிலனின் பெரியப்பா சிதம்பரம். முருகேசனுக்கு மூத்தவர். கடலை, தென்னை என்று விவசாயம். தம்பி வெளிநாட்டில் இருப்பதால் வீட்டுப் பொறுப்பு முழுக்க அவர் தலையில். அதிகம் பேசமாட்டார். துண்டை மடித்து மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

ஸ்பிளின்ட் பற்றி ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். பிள்ளையின் காலுக்கு மாவுக்கட்டில் அச்செடுத்து, பிளாஸ்டிக்கில் வார்த்துக் கொடுப்பார்கள். கணுக்காலைக் கீழே அமுக்கிப் பிடித்துக்கொள்ளும். அதை மாட்டி, மேலே ஷூ போட்டு, பிள்ளையை நிற்க வைத்து விளையாட விட வேண்டும். நின்றால்தான் சதை இழுபடும். வீட்டில் எல்லோரும் அதை மொத்தமாக ஷூ என்றுதான் சொல்வார்கள். நாங்களும் அப்படியே.

ஒவ்வொருவராகப் பேசினார்கள். செல்வி தினமும் போட்டுவிடுவதாகச் சொன்னாள். ஒருநாள்கூட விட்டதில்லை என்று பெரியப்பாவும் சொன்னார். அவர்கள் பொய் சொல்கிறவர்கள் இல்லை. அப்படியானால் ஏன் குதிகால் இறங்கவில்லை? எனக்கு விளங்கவே இல்லை.

முகிலனுக்குப் போரடித்துவிட்டது. எங்களைத் தாண்டித் தவழ்ந்து வாசலுக்குப் போய்விட்டான். போனுக்குள்ளிருந்து முருகேசன், "அவன் எங்கிட்டோ போறான், பாருங்க" என்றார். தூக்கிவர நான் எழுந்து போனேன்.

வாசலில் எங்கள் எல்லோருடைய செருப்பும் கிடந்தது. என் செருப்பு, ஜாஸ்மின் செருப்பு, கருப்பையா சாரின் தேய்ந்த பாட்டா, பெரியப்பாவின் தோல் செருப்பு. நடுவில் நீலநிறத்தில் இரண்டு குட்டி ஷூ, உள்ளே ஸ்பிளின்ட்டோடு. முகிலன் அதில் ஒன்றை எடுத்துக் கவிழ்த்து வைத்து பஸ் ஓட்டிக்கொண்டிருந்தான்.

அடிப்பக்கம் எனக்குத் தெரிந்தது. மாதக்கணக்காகத் தினமும் போட்ட ஷூ. அதன் அடியில் ஒரு கீறல் இல்லை, மண் இல்லை. கடையில் ஒட்டிய விலைச்சீட்டின் பசைகூட அப்படியே இருந்தது.

அப்போதுதான் மண்டையில் உறைத்தது. சற்று முன்னால் செல்வி அவனை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தாள். வாசலில் நின்று, பட்டையை விலக்கி, ஷூவைக் கழற்றி ஓரமாக விட்டாள். அவள் கழற்ற வசதியாக அவன் காலைப் பிடித்துக்கொடுத்தது யார்? நானேதான்!

உள்ளே ஓடி வந்தேன். வீட்டில் எங்கே கழற்றுவாய் என்று செல்வியிடம் கேட்டேன். வாசலில் என்றாள். எப்போது மாட்டுவாய்? வெளியே கிளம்பும்போது. வெளியே போனால் நிற்க விடுவாயா? இல்லை, இடுப்பில் தூக்கிக்கொண்டுதான் போவாள். வளர்மதி டீச்சரைப் பார்த்தேன். இங்கே உள்ளே யாரும் செருப்புப் போடுவதில்லையே என்றார். எங்கள் மையத்தை நான் கேட்கவே வேண்டியதில்லை. காலணிகளை வெளியே விடவும் என்று கதவில் பெரிதாக எழுதி ஒட்டியிருக்கிறோம்.

ஆக, தினமும் போட்டிருக்கிறார்கள். சத்தியமாகப் போட்டிருக்கிறார்கள். இடுப்பிலும் பஸ்ஸிலும் போட்டிருக்கிறார்கள். தரை என்று ஒன்று வந்த இடத்திலெல்லாம் கழற்றியிருக்கிறோம்.

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அடக்க அடக்க வருகிறது. கண்ணில் தண்ணீர். செல்வி பயந்துவிட்டாள். கருப்பையா சாருக்கு முதலில் புரிந்தது, அவரும் தலையில் கை வைத்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தார். ஸ்பிளின்ட் தோற்கவில்லை ஐயா, அதை யாரும் இன்னும் சோதித்தே பார்க்கவில்லை! இதைவிட நல்ல செய்தி வேறென்ன வேண்டும்?

எங்கள் வீட்டுச் சட்டம்

இதைப் படிக்கிற உங்களுக்கு, இது என்ன பெரிய தப்பு என்று தோன்றலாம். நம் வீட்டில் செருப்பை வெளியே விடுவதை யாராவது சொல்லிக்கொடுத்தா செய்கிறோம்? கால் தானாக உதறிவிடும்.

எங்கள் அப்பாவிடம் நான் வாங்கிய அறைகளில் பெரியது செருப்புக்காகத்தான். ஸ்கூல் பஸ் ஹாரன் அடிக்கிறது, டிபன் பாக்ஸை மறந்துவிட்டேன், ஷூவோடு அடுப்படிக்கு ஓடினேன். விழுந்தது ஒன்று. பஸ் போய்விட்டது, அப்பா சைக்கிளில் கொண்டுபோய் விட்டார்.

அதே அப்பா காய்ச்சலில் படுத்தபோது ஊசி போட வந்த டாக்டர், கொழுந்தியாள் கல்யாணத்துக்குப் போகிறவர், கோட்டும் சூட்டும். வாசலில் நின்று குனிந்து ஷூ கயிற்றை அவிழ்க்க வெகுநேரம் ஆயிற்று. வேண்டாம் சார், அப்படியே வாங்க என்று வீட்டில் யாராவது சொன்னோமா? சொல்லவில்லை. அவரும் எதிர்பார்க்கவில்லை.

அந்தத் தரையில்தான் உட்கார்ந்து சாப்பிடுகிறோம், அந்தத் தரையில்தான் பிள்ளையைப் படுக்கப் போடுகிறோம். அதனால் இதை மடமை என்று நான் ஒருநாளும் சொல்லமாட்டேன். ஆனால் பாருங்கள், வெளிநாட்டில் யாரோ வீட்டுக்குள்ளும் ஷூவோடு நடக்கிற ஊரில் உருவாக்கின முறையை அப்படியே இங்கே கொண்டுவந்து, எங்கள் பிள்ளைக்கு மாட்டினோம். படித்த நாங்கள் மூவரும் போடுகிறீர்களா என்று கேட்டோமே தவிர, எங்கே என்று கேட்கவில்லை.

துண்டை விரித்தார்

சிரிப்பு அடங்கிய பிறகுதான் பெரியப்பாவின் முகத்தைப் பார்த்தேன். அதில் சிரிப்பு இல்லை.

அவர் என்னிடம் கோபமாகக் கேட்கவில்லை. மெதுவாகத்தான் கேட்டார். "அப்ப, நடு வீட்டுல செருப்போட இருக்கணும்ங்கிறீங்களா?"

செல்வி தலையைக் குனிந்துகொண்டாள். அவளுக்கு அந்த வீட்டில் பேசும் இடம் எவ்வளவு என்று அந்தக் குனிதலிலேயே தெரிந்தது. போனில் முருகேசன் அண்ணனை எதிர்த்து ஒன்றும் சொல்லவில்லை. அந்த வீட்டைக் கட்டியவர் அண்ணன். மாலையில் சாமிக்கு விளக்கேற்றுகிறவரும் அவர்தான்.

எனக்கு வாயெல்லாம் துறுதுறுவென்று வந்தது. சதை, நரம்பு, கோணம் என்று பத்து நிமிஷம் பொரிந்து தள்ளியிருப்பேன். அவர் மரியாதைக்குச் சரிங்க மேடம் என்று சொல்லியிருப்பார். வீட்டுக்குப் போய் அந்த ஷூ மறுபடி வாசலிலேயே கிடந்திருக்கும். இருபது வருஷத்தில் எத்தனை சரிங்க மேடம் கேட்டவள் நான்!

நளினி மேடம் இருந்த பக்கம் நான் திரும்பவில்லை. பெரியப்பாவைப் பார்த்துக் கேட்டேன். "அவன் நிக்கிறதுக்கு வேற எடம் இல்லைங்க, வீடுதான். ஒங்க வீட்ல அது எப்படி நடக்கும்னு நீங்களே சொல்லுங்க."

கேட்டுவிட்டு வாயை மூடினேன். ஐயோ, அந்த நேரம்! மின்விசிறி கிறீச்சிட்டது. தெருவில் ஐஸ் வண்டி போயிற்று. ஜாஸ்மின் ஏதோ சொல்ல வாயெடுக்க, அவர் கையை அழுத்திப் பிடித்தேன். நகம் பதிந்த தடத்தை அப்புறம் காட்டினார். போன்கூட உறைந்துபோய் முருகேசன் பாதிக் கண் மூடியபடி நின்றுவிட்டார்.

பெரியப்பா எழுந்து வாசலுக்குப் போனார். முகிலன் ஓட்டிக்கொண்டிருந்த பஸ்ஸை வாங்கினார். பட்டையைப் பிரித்து ஸ்பிளின்ட்டை வெளியே எடுத்தார். அது முகிலன் காலின் அச்சு அல்லவா, அவன் கணுக்கால் மேடு, குதிகால் உருண்டை எல்லாம் அதில் இருந்தது. அதைக் கொஞ்ச நேரம் கையில் வைத்துத் தடவினார். பிறகு ஷூவைத் திருப்பி அடியைப் பார்த்தார். கட்டைவிரலால் தேய்த்தும் பார்த்தார்.

திரும்பி வந்து உட்கார்ந்து, மடியிலிருந்த துண்டைத் தரையில் விரித்தார். அதன் மேல் ஷூவை வைத்தார்.

"இது இன்னும் தெருவையே மிதிக்கலையேம்மா. மிதிக்காத வரைக்கும் இது செருப்பு இல்ல. வீட்டுக்குன்னே இருக்கட்டும். தெருவுக்கு வேணும்னா வேற ஒண்ணு வாங்கிக்கிறோம்."

அவ்வளவுதான் சொன்னார். நான் எத்தனை வருஷம் யோசித்திருந்தாலும் எனக்கு இது தோன்றியிருக்காது. அந்த வீட்டுச் சட்டத்தை உடைக்காமல் அவரே அதற்குள் இடம் கண்டுபிடித்துவிட்டார். வளர்மதி டீச்சர் உடனே, இங்கேயும் ஒரு ஜோடி உள்ளேயே இருக்கட்டும், நான் துடைத்து வைக்கிறேன் என்றார். செல்வி அந்தத் துண்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் அழுதுவிடுவாளோ என்று நினைத்தேன், ஆனால் அவள் மகனைத் தூக்கி மடியில் வைத்து, அங்கேயே, நடு அறையில், ஷூவை மாட்ட ஆரம்பித்தாள்.

அன்று சாயங்காலமே பயிற்சிக் குழுவுக்கு வாட்ஸப்பில் செய்தி போட்டேன். என் போன் அலறியது. எங்கள் ஊரிலும் அப்படித்தான், எங்கள் மையத்திலும் வாசலில்தான் என்று ஒவ்வொரு மாவட்டத்திலிருந்தும் பதில். ஒருவர் தன் மையத்து வாசலைப் படம் எடுத்து அனுப்பினார், வரிசையாகக் குட்டி ஷூக்கள். அப்படி ஒரு கண்டுபிடிப்பு செய்த மிதப்பில் அன்றைக்கு எனக்குப் பசியே இல்லை.

அந்தக் கோடை

மறுநாளிலிருந்து எல்லாம் சுலபமாகிவிட்டது என்று எழுத ஆசைதான். இல்லை.

கோடையில் பிளாஸ்டிக்குக்குள் கால் வெந்துபோயிற்று. சிவந்த தடம் விழுந்தது. காலுறை மாற்றி, நேரம் குறைத்து, மெதுவாகக் கூட்டினோம். முகிலன் அழுவான். என்னை நிரந்தரமாக வலிக்கிற டீச்சர் பட்டியலில் சேர்த்துவிட்டான். ஸ்பிளின்ட் ஒரு இடத்தில் அழுத்தியது, அதைச் சூடுகாட்டி வளைத்துச் சரிசெய்தார்கள்.

வீட்டுக்கு வந்த உறவுக்காரப் பெண் ஒருவர், நடு வீட்டில் செருப்போடு நிற்கிறது, கேட்க ஆள் இல்லையா என்று ஆரம்பித்தாராம். செல்வி எனக்கு அதைப் போனில் சொன்னாள். அவள் என்ன பதில் சொன்னாள் என்று ஆவலாகக் கேட்டேன். "அது அவன் கால் அத்தை, கழட்டி வைக்க முடியாதுன்னேன்" என்றாள். அவள் குரலில் அப்படி ஒரு திடத்தை அதற்கு முன் நான் கேட்டதில்லை.

அதன் பிறகு மற்ற விஷயங்களும் அவளே பார்க்க ஆரம்பித்தாள். ஜாஸ்மினிடமும் கருப்பையா சாரிடமும் அவளே பேசி, மூன்று பேரையும் ஒரே நாளில் பார்க்கிற மாதிரி வாரத்தில் ஒருநாள் பிடித்தாள். இதை இத்தனை வருஷமாக நாங்கள் செய்திருக்கலாமே! மற்ற தாய்மார்களும் அதே நாளைக் கேட்க ஆரம்பித்தார்கள், எங்கள் மையத்தில் அதுவே வழக்கமாகிவிட்டது.

முகிலன் டிவி மேஜையைப் பிடித்து நின்றான். பிறகு கட்டில் ஓரமாக நகர்ந்தான். குதிகால் இறங்குகிறதா என்று நான் ஒவ்வொரு வாரமும் பார்ப்பேன். கொஞ்சம் இறங்கிய மாதிரி இருக்கும், அடுத்த வாரம் இல்லாத மாதிரி இருக்கும். ஆசைக்கும் அளவுக்கும் நடுவில் எனக்கே குழப்பம். செல்விக்கு நான் எந்த உறுதியும் கொடுக்கவில்லை.

திருச்சி மேடையில்

வந்தது பாருங்கள் ஒரு சோதனை. தஞ்சாவூர் டாக்டர் கொடுத்த நாளும், எங்கள் பயிற்சியின் நிறைவு நாளும் ஒன்றாக வந்து விழுந்தன. அவர்கள் அங்கே, நான் திருச்சியில். முகிலனைப் பற்றித்தான் நான் மேடையில் பேச வேண்டும். பேச்சின் முடிவு எனக்கே தெரியாது.

கூடம் நிறைந்திருந்தது. டாக்டர்கள், தெரபிஸ்டுகள், அதிகாரிகள். மதியத்துக்கு முன் என் முறை. போனைக் கையிலேயே வைத்திருந்தேன். நளினி மேடம் பார்த்தும் விட்டுவிட்டார்.

வாசல், செருப்பு, துண்டு என்று சொல்லி வந்தேன். கூடம் சிரித்தது, பிறகு அடங்கியது. அவர்கள் இப்போது டாக்டர் அறையில் இருப்பார்கள் என்று சொன்ன அடுத்த நிமிஷம் கையில் போன் அதிர்ந்தது. செல்வி. மேடையில் நிற்கிறோம், எடுக்கலாமா கூடாதா என்றெல்லாம் நான் யோசிக்கவே இல்லை. மைக்கைக் கீழே இறக்கிவிட்டு எடுத்தேன்.

"அக்கா, இப்பத்தைக்கு ஆபரேஷன் வேணாம்னுட்டாரு. குதிகால் எறங்கியிருக்காம். ஆறு மாசம் கழிச்சு வரச் சொல்லியிருக்காரு."

நான் மேடை என்பதை மறந்து, "ஆத்தா!" என்று கத்திவிட்டேன். முன்வரிசைக்கு விஷயம் புரிந்து கை தட்ட ஆரம்பித்தது. எனக்குக் கண் மறைத்தது. கையால் காட்டிக் கூடத்தை அடக்கினேன், ஏனென்றால் செல்வி இன்னும் போனை வைக்கவில்லை.

"இன்னொண்ணுக்கா. இந்தப் புள்ளைக்கு எல்லாத்தையும் முன்ன நின்னு பாக்குறது யாரும்மான்னு டாக்டர் கேட்டாரு. ஒங்க பேரச் சொல்லத்தான் வாயெடுத்தேன். நாந்தான் சார்னு வந்துருச்சு. சொல்லலாம்ல?"

ஒரு வருஷம் திருச்சிக்கு பஸ் ஏறி நான் படித்த படிப்பை அவள் ஒரே வரியில் சொல்லிவிட்டாள். என் பெயரைச் சொல்லாததில் கொஞ்சமும் வருத்தமில்லை என்று சொன்னால் நம்புவீர்களா? உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது.

"சொல்லலாம் செல்வி. இங்க ஒரு கூட்டமே ஒக்காந்திருக்கு. அவங்களுக்கும் ஒரு தடவ சொல்லு" என்றேன்.

போனை ஸ்பீக்கரில் போட்டு மைக்குக்கு முன்னால் பிடித்தேன். ஆஸ்பத்திரி சத்தம் கூடம் முழுக்க ஒலித்தது. யாரோ பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார்கள், எங்கோ ஒரு குழந்தை அழுகிறது. செல்வி தொண்டையைச் செருமினாள்.

"வணக்கங்க. முகிலனுக்கு முன்ன நிக்கிறது நாந்தாங்க. அவன் அம்மா பேசுறேன்."